பட்டமரம் வரைக்கும் எறிவது

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை மரியசூசை அண்ணன். என் கடைசி மகன் வேலைக்கென்று கடல் தாண்டிப் போன வருஷம், ஆகஸ்டு மாதத் திருவிழா முடிந்து கொடி இறக்கிய மறுநாள். பந்தல் கயிறுகளை அவர் சுருட்ட, நான் சிக்கெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கை வேலை பார்த்ததே தவிர, என் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. அதைப் பார்த்துத்தான் சொன்னாரோ, சும்மா பேச்சுக்குச் சொன்னாரோ தெரியாது. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

மலையடிவாரத்தில் ஓர் அணை. அணை கட்டுவதற்கு முன்னால் அந்த வழியாக ஆறு ஓடியது. ஆறு ஓடிய பள்ளம் இப்போதும் தண்ணீருக்கு அடியில் அப்படியே கிடக்கிறது. பள்ளத்தின் விளிம்பில் ஒரு பட்டமரம். அதன் கிளை நுனிகள் மட்டும் வெளியே தெரியும். பெரிய கெண்டைகள் அந்த மரத்தைச் சுற்றித்தான் மேயும். அவை புரண்டு வாலடிப்பது கரையிலிருந்து பார்த்தாலே தெரியும். ஆனால் கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்கள் யார் எறிந்தாலும் அவ்வளவு தூரம் போகாது. வடிவு எறிந்தால் மட்டும் போகும்.

வடிவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். தூண்டில்தான் பிழைப்பு. அதிகம் பேசமாட்டாள். பேசினால், கேட்டவர் கொஞ்சநேரம் யோசித்துக்கொண்டு நிற்பார்.

அவளிடம் சீடனாகப் போய் நின்றவர் ராயப்பன். அவளுக்கு அப்பா வயது. மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

அவருக்கு ஏன் அவ்வளவு தூரம் எறிய வேண்டும் என்றால், காரணம் வீட்டில் இருந்தது. அவருடைய ஒரே மகள் ஜெசிந்தா, நர்சு. பனி பெய்கிற ஒரு நாட்டில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமை கிளம்புகிறாள். எங்கள் பக்கத்தில், வீட்டைவிட்டுத் தூரம் போகிற பிள்ளையின் நெற்றியில் அப்பாவும் அம்மாவும் பெருவிரலால் சிலுவை போட்டு அனுப்புவது வழக்கம். அது இல்லாமல் படி இறங்கமாட்டார்கள். அம்மா போடத் தயார். அப்பா பிடி கொடுக்கவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“பட்டமரத்துக் கெண்டை ஒண்ணைப் பிடிச்சு, என் கையால குழம்பு வச்சு, அவளுக்குச் சோறு போடணும். அதுக்குப் பொறவுதான் சிலுவை” என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து விடிந்ததும் அவருக்கு அணைக்கரைதான்.

முதல் நாள் அவர் எறிந்ததைக் கரையே திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து ஓடி வந்து, குதித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தார். ஈயக்குண்டு நேரே வானத்துக்குப் போனது. பிறகு பக்கத்திலேயே தொப்பென்று விழுந்தது.

வடிவு தன் தூண்டில் கம்பை விட்டு எழுந்து வந்தாள்.

“அண்ணாச்சி, தண்ணி மேல என்ன கோவம்?”

“கோவமெல்லாம் இல்ல தாயி. தூரம் போகமாட்டேங்கு.”

“நீங்க குதிச்சதுல என் மீனும் சேர்ந்துல்லா ஓடிட்டு.”

“அப்ப சொல்லிக்கொடு. எப்படி எறிஞ்சா அந்த மரத்துக்குப் போகும்?”

“சொல்லிக்கொடுக்காட்டி?”

“குதிச்சுக்கிட்டேதான் இருப்பேன்.”

அவள் அவருடைய கம்பை வாங்கினாள். நைலான் நரம்பின் நுனியில் இருந்த தூண்டில் முள்ளைக் கழற்றித் தன் டப்பாவில் போட்டு மூடினாள். வெறும் ஈயக்குண்டு மட்டும் தொங்கியது.

“வாங்க.”

தண்ணீரைவிட்டு விலகி, புல் படர்ந்து கிடந்த மேட்டுக்குக் கூட்டிப்போனாள்.

“இங்கன எறியுங்க.”

“புல்லுலயா? மீன் எங்க இருக்கு, நீ எங்க கூட்டிட்டு வார?”

“இப்ப உங்களுக்குத் தூரம் வேணுமா, மீன் வேணுமா?”

“ரெண்டும் வேணும். சனிக்கிழமைக்குள்ள வேணும்.”

“குண்டுக்குக் கிழமை தெரியாது அண்ணாச்சி. எறியுங்க.”

எறிந்தார். எறிந்து எறிந்து தோள் வலித்தது. குண்டு புல்லில் குத்திக்கொண்டு நின்ற இடத்துக்கு அவரே நடந்து போய் எடுத்து வரவேண்டியிருந்தது. மேய வந்த ஆடுகள் அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன.

“எனக்குப் பலம் பத்தல போல” என்றார்.

வடிவு கீழே உட்கார்ந்து மீன் இரைக்குப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

“மலையில பஸ் ஓட்டுனியளே, மேட்டுல வண்டியை எப்படி ஏத்துவிய? எடுத்த எடுப்புலேயே மிதிப்பியளா?”

“மிதிச்சா வண்டி திமிறிட்டு நின்னுரும். மெதுவா எடுத்து, வண்டி இழுக்கத் தொடங்கின பொறவுதான் மிதிக்கணும்.”

“யாரு ஏறுதா, நீங்களா வண்டியா?”

“வண்டிதான்.”

அவள் உருண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ராயப்பன் கையிலிருந்த கம்பைப் பார்த்தார். மெதுவாகப் பின்னால் சாய்த்தார். குண்டு தொங்கி ஆடி நிற்கிற வரைக்கும் பொறுத்தார். மெதுவாக முன்னால் கொண்டுவந்து, கம்பு வளைகிறது என்று கைக்குத் தெரிந்த பிறகு தள்ளினார். குண்டு விர்ரென்று போய், ஆடுகளைத் தாண்டி விழுந்தது.

“பாத்தியா” என்று திரும்பினார்.

வடிவு ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தண்ணீரில் எறியவிட்டாள். தூரம் கூடியிருந்தது. ஆனால் மரத்துக்குப் போகவில்லை. ஒரு தடவை மேலே ஏறி நடுவில் விழுந்தது. அடுத்த தடவை முன்னாலேயே தண்ணீரை அறைந்தது. எறிகிறபோது நரம்பைச் சுட்டுவிரலால் பிடித்திருந்து, சரியான நேரத்தில் விடவேண்டும். அந்த நேரம் அவருக்குப் பிடிபடவில்லை. அறுந்துவிடும்போல் இழுக்கிற நரம்பை விரல் கடைசிவரை பிடித்தே வைத்திருந்தது. விரல் தோல் கிழிந்து ரத்தம் வந்தது.

“விரலை எப்பத்தான் எடுக்க?” என்று எரிச்சலோடு கேட்டார்.

“குண்டு கேக்கும்போது.”

“குண்டு வாய் திறந்து கேக்குமா?”

“நீங்க வாயை மூடுனா கேக்கும்.”

அன்று சாயங்காலம் வீட்டில் ஜெசிந்தா அவர் விரலைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினாள். வீடு முழுக்கப் பெட்டியும் துணியுமாகக் கிடந்தது. சாம்பார்ப் பொடி ஒரு பொட்டலம், மோர்மிளகாய் வத்தல் ஒரு பொட்டலம், ஜெபமாலை, உல்லன் தொப்பி. எதற்கும் அவர் கண்ணைத் திருப்பவில்லை.

“என்னப்பா, மீனைப் பிடிக்கப் போறியளா, விரலை நறுக்கப் போறியளா?”

“நாளைக்குப் போட்டுருவேன் பாரு.”

“அம்மா கடையில கெண்டை வாங்கி வச்சிருக்கா. குழம்பு வையுங்க, சாப்பிடுதேன்.”

“கடை மீன் கடை மீன்தான்.”

“அப்பா.” அவள் கட்டின விரலை விடவில்லை. “நான் போகட்டுமா?”

“கட்டு இறுக்கமா இருக்கு” என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் காற்று இல்லை. ராயப்பன் கரைக்கு வந்தவர் யாரோடும் பேசவில்லை. விரல் வலித்ததால் நரம்பை முன்னைப்போல அழுத்திப் பிடிக்க முடியவில்லை. லேசாகத்தான் பிடித்தார். கம்பு வளைந்தது. குண்டு இழுத்தது. விரல் தானாகவே விட்டது.

நரம்பு ரீலிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது. பட்டமரத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு துளி தெறித்தது.

கரையில் இருந்தவர்களில் ஒருவர், “என்னவே டிரைவர், ஸ்டாப் வந்துட்டு போலிருக்கே” என்றார்.

ராயப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுபடி எறிந்தார். மரத்தைத் தாண்டிப் போனது. மறுபடி எறிந்தார். குறைந்து விழுந்தது. முகம் சுருங்கிவிட்டது.

“ஒரே இடத்துல விழமாட்டேங்கு வாத்தியாரம்மா.”

வடிவு அவருடைய ரீலைத் திருப்பிக் காட்டினாள். நரம்பு சுற்றியிருக்கிற உருளையின் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு கொண்டி இருந்தது.

“இது எதுக்குன்னு நெனைச்சிய?”

“அழகுக்கு வச்சிருக்கான்னு நெனைச்சேன்.”

அவர் சரியாக மரத்தடியில் போட்ட எறி ஒன்று வந்ததும், அந்தத் தூரத்திலேயே நரம்பைக் கொண்டியில் மாட்டிவிட்டாள். பிறகு நரம்பைச் சுற்றி எடுத்து மறுபடி எறியச் சொன்னாள். நரம்பு கொண்டி வரைக்கும் ஓடி, டக்கென்று நின்றது. குண்டு முன்பு விழுந்த அதே இடத்தில் விழுந்தது.

“எத்தனை தடவை எறிஞ்சாலும் அங்கனதான் விழும். விழுந்ததும் கொண்டியிலருந்து நரம்பை எடுத்துருங்க.”

“எடுக்காட்டி?”

“அதுக்கு மேல ஒரு சாண் போகாது.”

“அதுதானே நமக்கு வேணும்.”

“குண்டுக்கு அது போதும்” என்றாள் வடிவு.

முள்ளைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் முள்ளில் உருண்டையைப் பிடித்து வைத்து எறிந்தார். கம்பைக் கவைக்குச்சியில் சாய்த்து, நுனியில், மீன் இழுத்தால் அடிக்கிற சின்ன மணியைக் கட்டினார். உட்கார்ந்தார். உடனே எழுந்தார். உருண்டை கரைந்திருக்குமோ என்று நரம்பைச் சுற்றி எடுத்துப் பார்த்தார். மறுபடி எறிந்தார். அது பாசியில் விழுந்திருக்குமோ என்று மறுபடி எடுத்தார். எறிவது அவ்வளவு நன்றாக வந்தது. எறியாமல் இருக்க முடியவில்லை.

மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்து கையை வைக்கப் போனார். வடிவு அதை மூடி அந்தப் பக்கம் தள்ளி வைத்தாள். அவர் கையை நீட்டியதும் திறந்தாள். சோற்றில் விரல் படப்போகிற நேரம் மறுபடி மூடி இந்தப் பக்கம் வைத்தாள்.

“ஏ பிள்ள, என்ன செய்யுத? பசிக்கு.”

“கெண்டைக்கும் பசிக்கும்லா” என்று சொல்லி டப்பாவை அவர் மடியில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அன்று பொழுது சாயும்வரை மணி அசையவில்லை.

சனிக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் ஜெசிந்தாவை ஏற்றிப்போக வண்டி வரும். ராயப்பன் விடியும்போதே கரைக்கு வந்துவிட்டார். பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. அன்று அவர் ஓடவில்லை, குதிக்கவில்லை. ஆனாலும் ஒரு நிலையில் இல்லை. ரோட்டைப் பார்ப்பார், மரத்தைப் பார்ப்பார், மறுபடி ரோட்டைப் பார்ப்பார்.

“நேத்து வரைக்கும் நீங்க மட்டுந்தான் குதிச்சிய. இன்னிக்கு உங்க கண்ணும்லா குதிக்கு” என்றாள் வடிவு.

“சும்மா இரு வாத்தியாரம்மா.”

வெயில் உச்சிக்கு வந்தபோது ஜெசிந்தா கரையிறங்கி வந்தாள். பயணத்துக்கு உடுத்திய புதுச் சுடிதார். காலில் மட்டும் வீட்டுச் செருப்பு.

“அப்பா, வண்டி இப்படித்தான் வரும். அம்மா பெட்டியெல்லாம் ஏத்திட்டு அதுலயே வாரா. நான் முன்னால நடந்து வந்துட்டேன்.”

“இரு, இரு. அதுக்குள்ள பிடிச்சிருவேன்.”

“பிடிச்சு எப்ப குழம்பு வைக்க?”

“நீ உக்காரு.”

அவள் வடிவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். “அக்கா, எங்கப்பா நல்லாப் படிக்காரா?” என்று கேட்டாள்.

“பாடம் நல்லா வருது. பரீட்சைதான் பாக்கி.”

ராயப்பன் புது உருண்டை வைத்தார். கம்பைப் பின்னால் சாய்த்தார். குண்டு ஆடி நின்றது. கம்பு வளைந்தது. விரல் விட்டது. நரம்பு ஓடிப்போய்க் கொண்டியில் டக்கென்று நின்றது. குண்டு மரத்தடியில், ஒரு மெல்லிய சத்தத்தோடு இறங்கியது.

“பாத்தியா பிள்ள” என்று மகள் பக்கம் திரும்பினார். “அங்கன பாரு. உங்கப்பன் எவ்வளவு தூரம் எறியுதான் பாத்தியா.”

“பாத்தேன்ப்பா.” அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். “ரொம்ப தூரம்.”

அவர் கம்பைக் கவைக்குச்சியில் சாய்த்தார். மணியைக் கட்டினார். மகளுக்குப் பக்கத்தில் உட்காரப் போனார். உட்காரவில்லை.

மணி அடித்தது.

ஒரு அடி இல்லை, விடாமல் அடித்தது. கம்பு நுனி தண்ணீரை நோக்கி வளைந்தது. ராயப்பன் பாய்ந்து கம்பைப் பிடித்தார். அந்தப் பக்கம் இழுத்த இழுப்பில் முழங்கால் வரைக்கும் தண்ணீருக்குள் போய்விட்டார். மரத்தடியில் தண்ணீர் புரண்டு, ஒரு பெரிய மஞ்சள் முதுகு தெரிந்தது. கரை முழுக்க எழுந்து நின்றது. மீன் ஓடப் பார்த்தது. ரீல் ஒரு சாண்கூட நரம்பு கொடுக்கவில்லை.

சாட்டை வீசினதுபோல் ஒரு சத்தம். கம்பு நிமிர்ந்துவிட்டது.

மணி இன்னும் கொஞ்சம் ஆடி, நின்றது.

ராயப்பன்தான் முதலில் பேசினார்.

“நரம்பு சரியில்ல. கடைக்காரன் பழைய நரம்பைக் கட்டிக் கொடுத்துட்டான். நல்ல நரம்பா இருந்தா இப்படி அறுமா? மீன் என் கையிலதான இருந்துது.”

வடிவு மரத்தடித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “முள்ளோட போயிருக்கு, பாவம்” என்றாள். பிறகு தண்ணீரில் இறங்கி அவர் பக்கத்தில் வந்தாள். அவர் கையில் இருந்த ரீலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பினாள்.

அறுந்த நரம்பின் துண்டு இன்னும் கொண்டியில் மாட்டியபடியே இருந்தது.

ராயப்பன் அதைப் பார்த்தார்.

ரோட்டில் வண்டி வந்து நின்றது. ஓட்டுகிறவர் ஹாரன் அடித்தார். அம்மா இறங்காமல் கண்ணாடி வழியாகக் கையை மட்டும் ஆட்டினாள். ஜெசிந்தா எழுந்தாள். ஆனால் ரோட்டுக்குப் போகவில்லை. அங்கேயே நின்றாள்.

“ஒரே ஒரு தடவை” என்றார் ராயப்பன். சட்டைப் பையிலிருந்து புது முள் எடுத்தார். அவசரத்தில் நரம்பு முள்ளின் காதுக்குள் நுழையவில்லை. “ஒரே ஒரு தடவை, வண்டியை நிக்கச் சொல்லு. எனக்கு இப்ப நல்லா எறிய வருது. வடிவு, நீயே சொல்லு. எனக்கு வருதுல்லா? இன்னும் எப்படி எறியணும், சொல்லு. நீ சொல்லுதபடி எறியுதேன்.”

முள் அவர் விரலிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது.

வடிவு கம்பை அவர் கையிலிருந்து வாங்கவில்லை. அவரைவிட வயதில் சின்னவள், அவர் முகத்தைப் பார்க்காமல், ரீலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“எறிஞ்சது சரிதான் அண்ணாச்சி. கொண்டியை எடுங்க.”

மறுபடியும் ஹாரன் கேட்டது.

ராயப்பன் பெருவிரல் நகத்தால் அந்த நரம்புத் துண்டை நெம்பினார். அது வெளியே வந்து, காற்றில் கொஞ்சம் சுருண்டு நின்றது. அவர் கம்பை வடிவிடம் கொடுத்துவிட்டுக் கரையேறினார். தவிட்டு மணம் போகாத கையை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

ஜெசிந்தா நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு நின்றாள்.

இந்த இடத்தில் கோயில்பிள்ளை நிறுத்திவிட்டார். கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு சாயங்கால மணி அடிக்கப் போய்விட்டார். நானும் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் கதையைக் கேட்டவர்களிடம் எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். இன்றைக்குப் படுக்கப் போகும்முன், தூர தேசத்தில் இருக்கிற ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி மாதாவுக்கு ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். உங்களுக்கு யார் பெயரும் தோன்றவில்லையென்றால், என் மகன் பெயர் அல்போன்ஸ்.